பழைய ஃபிரிட்ஜை முழுதாக அனுப்பி வையுங்கள்

பதினெட்டு ஆண்டுகள் உழைத்த எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை எடுத்துப்போக வந்த பழைய இரும்புக் கடைக்காரர், வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே அதை வாசலில் சாய்த்து, பின்புறச் செம்புக் குழாயைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினார். ‘புஸ்’ என்று சில நொடிகள் சீறி அடங்கியது. கம்ப்ரசரைக் கழற்றியபோது சொட்டிய எண்ணெய், கோலம் போட்ட தரையில் கறையாகப் படிந்தது. அந்தச் சில நொடிகளில் போன குளிரூட்டும் வாயுவை இனி யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. ஆகவே, ஃபிரிட்ஜோ ஏசியோ நம் வாசலைத் தாண்டும்போது வெட்டுப்படாமல் முழுதாக இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாகக் கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜின் பின்புறத்திலோ உட்சுவரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், உள்ளே இருப்பது எந்த வாயு, எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆர்-134ஏ என்று இருந்தால், அது அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது. அதாவது 100 கிராம் கசிவது, சுமார் 140 கிலோ கரியமில வாயுவை வெளியே விடுவதற்குச் சமம். மிகப் பழைய பெட்டிகளில் இருக்கும் ஆர்-12 ஓசோன் படலத்தையும் அரிக்கும். ஆர்-600ஏ என்றிருந்தால் சூழலுக்குக் கேடு குறைவு. ஆனால் அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. அந்தக் குழாயை மூடிய கடைக்குள் வெட்டுபவரின் உயிருக்கு அது ஆபத்து. ஸ்டிக்கரைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதனத்தை ஒப்படைக்கும்போது அந்தத் தகவல் உதவும்.

அதற்கு முன், அதை உண்மையிலேயே கழிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றில் மோட்டார் மட்டுமே புகைந்திருந்தால், காயில் கட்டித் தரும் கடை இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. 2011-க்குப் பிறகு அரசு வழங்கிய விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் இப்படியே பல வீடுகளில் மறுபிறவி எடுத்திருக்கின்றன. ஃபிரிட்ஜின் கணக்கு வேறு. பழைய ஃபிரிட்ஜை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்பது நல்ல மனம்தான். ஆனால் நாளுக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும் பெட்டி இரண்டு மாதத்தில் 90 யூனிட்டைத் தின்றுவிடும். அவர்களுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தில் கணிசமான பங்கு அதிலேயே தீர்ந்துபோகும். அதைச் சொல்லிவிட்டுக் கொடுப்பதே நியாயம்.

கழிப்பது என்று முடிவானால், யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய சாதனங்கள் மறுசுழற்சிக்குப் போவதை உறுதிசெய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. எனவே முதலில் உங்கள் சாதனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி, திரும்பப் பெறும் ஏற்பாட்டைக் கேளுங்கள். அது கைகூடாவிட்டால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களில் உங்கள் ஊருக்கு அருகில் இருப்பவரை அழைத்து, வாயுவை உறிஞ்சி எடுக்கும் கருவி அவரிடம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். ஒரே ஒரு பெட்டிக்காக வண்டி அனுப்பத் தயங்குவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலைந்து வீட்டார் சேர்ந்து அழைத்தால் வருவார்கள். கிடைக்கும் தொகை காயலான் கடை தருவதைவிடக் குறையலாம். அந்த வித்தியாசத்தை, முறையாகச் செய்வதற்கான கூலி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பண்டிகைக் கால எக்ஸ்சேஞ்சிலும் இதே கவனம் தேவை. தள்ளுபடி கையில் கிடைத்ததும் பழையதை மறந்துவிடுகிறோம்; அது தெருமுனைக் கடைக்கே போய்ச் சேர்ந்தாலும் நமக்குத் தெரியாது. பில் போடும்போதே, பழையது எங்கே போகிறது என்று கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

ஒப்படைக்கும் முதல் நாளே ஃபிரிட்ஜின் இணைப்பைப் பிடுங்கி, பனியை உருகவிட்டு, உள்ளே துடைத்து உலர்த்துங்கள். நிமிர்த்தியே தூக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் பின்புறக் குழாய் நசுங்கக்கூடும். ஓரிரவு வெளியே நிற்க வேண்டியிருந்தால் கதவைக் கழற்றியே வையுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டிப்போகும். ஏசி ஓடும் நிலையில் இருந்தால், குழாயைப் பிரிக்கும் முன் ‘பம்ப் டவுன்’ செய்யும்படி மெக்கானிக்கிடம் வற்புறுத்துங்கள். வாயு முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கும் அந்தச் சில நிமிட வேலையை அவசரத்தில் விட்டுவிடுபவர்கள் உண்டு.

மைக்ரோவேவ் அடுப்பை வீட்டில் திறக்கவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கலாம். பழைய பெட்டி டி.வி.யின் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால் அதையும் உடைக்காமல் அப்படியே கொடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பொறுத்தவரை அதிகக் கவலை வேண்டாம்: புதியது விற்கும் கடையிலேயே பழையதை விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதிலுள்ள அமிலத்தை மட்டும் எடை குறையட்டும் என்று சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள்.