சிட்டிசன்ஷிப் தாமதத்துக்குக் கேஸ் போடுமுன்: அமெரிக்கத் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டர்வியூ முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். என்-652 என்று பெயர். ஆங்கிலத் தேர்விலும் குடிமைத் தேர்விலும் தேறியாயிற்று என்று அதில் இருக்கும். கீழே, ‘இப்போது முடிவு சொல்ல இயலாது’ என்ற கட்டத்தில் ஒரு டிக். அந்தத் தாளை ஃபைலில் செருகிவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். மாதங்கள் ஓடும். விசாரித்தால் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்ற ஒரே பதில். அப்புறம் யாராவது சொல்வார்கள்: “ஃபெடரல் கோர்ட்டுக்குப் போங்க, உடனே நடக்கும்.”

பல நேரம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். தாமத வழக்கில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஒரு முடிவை மட்டும்தான். அது ‘இல்லை’ என்றும் வரலாம். நான் பார்த்தவரை, இதை உணராமல் இறங்குவதில்தான் முக்கால்வாசிச் சிக்கல் தொடங்குகிறது.

பயந்து உட்கார்ந்திருப்பது

“கவர்ன்மென்ட் மேலேயே கேஸா? பழிவாங்கிட மாட்டாங்களா?” நம்மவர்களிடம் இந்தப் பயம் ஆழமாக இருக்கிறது. பத்து வருடம் எச்-1பி, க்ரீன் கார்டு என்று ஒவ்வொரு படியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு அது இயல்பும்கூட. ஆனால் இந்த வழக்கைப் போடச் சொல்லி இடம் கொடுத்திருப்பதே நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 8-ஆம் தலைப்பு, 1447(பி) பிரிவு: நேர்காணல் நடந்து 120 நாளுக்குள் முடிவு வரவில்லை என்றால், விண்ணப்பதாரர் தான் வசிக்கும் பகுதியின் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். இது சலுகை இல்லை, உரிமை. அதைப் பயன்படுத்தியதற்காக விண்ணப்பத்தை நிராகரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

இரண்டு கதவுகளைக் குழப்பிக்கொள்வது

நேர்காணல் முடிந்தவர்களுக்கு ஒரு வழி, இன்னும் அழைப்பே வராதவர்களுக்கு வேறு வழி. இதைக் கலந்துவிட்டால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும்.

நேர்காணல் முடிந்தவர்களுக்கு மேலே சொன்ன 120 நாள் கணக்கு. இதில் நாள் எண்ணுவதிலேயே தவறு நடக்கிறது. என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் அனுப்பிய தேதியிலிருந்து எண்ணுகிறவர்கள் உண்டு. கைரேகை கொடுத்த நாளிலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. முதல் நேர்காணல் நடந்த தேதிதான் கணக்கு. 120 நாள் முழுதாகக் கழியுமுன் போட்டால், காலம் கனியவில்லை என்று தள்ளுபடி ஆகும். நான்கு நாள் அவசரப்பட்டு நீதிமன்றக் கட்டணத்தை இழக்க வேண்டாம்.

எதிர்த்தரப்பு சில சமயம் இப்படி வாதாடும்: ‘பேக்ரவுண்ட் செக் இன்னும் முடியவில்லை, அதனால் சட்டம் சொல்லும் பரிசோதனையே முடியவில்லை, நேர்காணல் அதில் ஒரு பகுதிதான், 120 நாள் தொடங்கவே இல்லை.’ வர்ஜீனியாவின் கிழக்கு மாவட்ட நீதிமன்றம் 2005-இல் டானிலோவ் வழக்கில் இதை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலான நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்களுக்கான ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் வால்ஜி வழக்கில், நேர்காணல் நாளிலிருந்தே கணக்கு ஓடும் என்று தெளிவாகச் சொன்னது. பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் நேர்காணலுக்கே கூப்பிட வேண்டும் என்பது அரசு தானே எழுதிய விதி. அதை மீறிவிட்டு அதையே காரணமாகக் காட்டுவது நியாயமா? டாலஸிலும் ஹூஸ்டனிலும் இருப்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

நேர்காணலுக்கே அழைக்கப்படாதவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. அவர்களுக்கு இருப்பது, செய்ய வேண்டிய வேலையைச் செய்யச் சொல்லி அதிகாரிக்கு உத்தரவிட வைக்கும் மாண்டமஸ் சட்டமும் நிர்வாக நடைமுறைச் சட்டமும். ‘நியாயமற்ற தாமதம்’ என்று நிரூபிக்க வேண்டும். இத்தனை நாள் என்று கெடு எதுவும் இல்லை. ‘ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதே’ என்று சிலர் 180 நாள் கணக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 1571-ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மை. ஆனால் அது நாடாளுமன்றத்தின் எண்ணமாகச் சொல்லப்பட்டதே தவிரக் கட்டாயக் கெடு இல்லை. அதை ஒரு துணை வாதமாக வைக்கலாம். அதையே தூணாக வைத்தால் வழக்கு சாய்ந்துவிடும். நீதிபதிகள் 1984-இல் வந்த ‘டிராக்’ என்ற தீர்ப்பின் அளவுகோல்களை வைத்துப் பார்ப்பார்கள்: வரிசையில் எல்லாருக்கும் இதே தாமதமா, உங்களுக்கு மட்டுமா? தாமதத்தால் மனித வாழ்வுக்கு என்ன பாதிப்பு? உங்களை முன்னால் தள்ளினால் வேறு யார் பின்னால் போவார்கள்? உங்கள் அலுவலகத்துக்கு என்று யுஎஸ்சிஐஎஸ் (குடியுரிமை விண்ணப்பங்களைக் கையாளும் அரசுத் துறை) வெளியிடும் பரிசீலனைக் காலத்துக்குள் இருந்துகொண்டே வழக்குப் போட்டால், முதல் கேள்வியிலேயே பதில் இல்லாமல் போகும். அந்தக் காலம் கடந்த பிறகு அனுப்பிய விசாரிப்புகள், உங்கள் தொகுதி எம்பி அலுவலகம் வழியாகக் கேட்டது, அதற்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வைத்திருங்கள். அவைதான் சாட்சி.

என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பது

சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்ட அனுபவம் குடும்பத்தில் யாருக்காவது இருக்கும். பட்டாவுக்கு மனு கொடுத்து வருடக்கணக்கில் தாசில்தார் அலுவலகத்தில் தூங்கினால், ‘மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் தகுந்த உத்தரவு பிறப்பிக்கவும்’ என்று கோர்ட் சொல்லும். பட்டா கொடு என்று சொல்லாது. அமெரிக்க மாண்டமஸும் அப்படித்தான். முடிவெடு என்று சொல்லும், குடியுரிமை கொடு என்று சொல்லாது.

1447(பி) கொஞ்சம் வேறு. அங்கே நீதிபதி தானே விசாரித்து முடிவு சொல்லலாம், அல்லது தகுந்த உத்தரவுகளோடு யுஎஸ்சிஐஎஸ்-க்கே திருப்பி அனுப்பலாம். நடைமுறையில் திருப்பி அனுப்புவதுதான் அதிகம். அதனால் மனுவில் இரண்டையும் கேளுங்கள்; திருப்பி அனுப்பினால் 30 நாள் போல ஒரு கெடு வைக்கும்படியும் கேளுங்கள். கெடு இல்லாத உத்தரவு கையில் இருந்து என்ன பயன்? மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டுப் பக்கங்களை நிரப்ப வேண்டாம். இந்தச் சட்டங்களில் அது கிடைக்காது.

தன் ஃபைலைத் தானே படிக்காமல் போவது

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தவறு இல்லை. தாமதத்துக்குக் காரணம் சோம்பலாக இருக்கலாம், வேலைப் பளுவாக இருக்கலாம். உங்கள் ஃபைலில் ஏதோ ஒன்று அவர்கள் கண்ணை உறுத்துவதாகவும் இருக்கலாம். வழக்குப் போட்டால், ஓரமாகக் கிடந்த ஃபைலை ஓர் அதிகாரியும் ஓர் அரசு வக்கீலும் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிப்பார்கள். அவர்களுக்கு முன் நீங்கள் படித்திருக்க வேண்டாமா?

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குப் போய் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. 2020-இல் விமானம் இல்லாமல் சென்னையிலோ மதுரையிலோ மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குக் குறைவாக ஒரே பயணமாக வெளியே இருந்தால், தொடர் வசிப்பு அறுந்துவிட்டது என்ற அனுமானம் எழும். வேலை, வீட்டு வாடகை, வரி, பிள்ளைகளின் பள்ளி என்று ஆதாரம் காட்டி அதை உடைக்கலாம். அந்த ஆதாரத்தை வழக்குப் போடுமுன் சேருங்கள். அதேபோல, கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது என்று நினைத்து விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்ட கைது, கட்டாத வரி, டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது தெரியாமல் வாக்காளராகப் பதிவானது எதுவாக இருந்தாலும், அது உங்கள் வக்கீலுக்கு முதலில் தெரிய வேண்டும். நாடு கடத்தல் வழக்கு நிலுவையில் இருந்தால் 1429-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தாமத வழக்கால் அதைத் தாண்ட முடியாது.

இன்னொன்று நமக்கே உரியது: பெயர். இனிஷியலோடு ஒரே பெயர் வைத்திருக்கும் நாம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்குகிறோம். விசாவில் சிலருக்கு ‘எஃப்என்யூ’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று விழுந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். குமார்’, பாஸ்போர்ட்டில் ‘குமார் சுப்பிரமணியன்’, க்ரீன் கார்டில் ‘சுப்பிரமணியன் குமார்’. எஃப்பிஐ பெயர்ச் சோதனையில் முன்பெயர், பின்பெயர் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுவார்கள். பொதுவான பெயருக்கு வேறு யாருடைய கோப்போ வந்து ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். என்-400-இல் பயன்படுத்திய எல்லாப் பெயர் வடிவங்களையும் எழுதினீர்களா என்று பாருங்கள். தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் உங்கள் குடியேற்றக் கோப்பான ‘ஏ-ஃபைல்’ நகலைக் கேட்டு வாங்கலாம். கூடவே, கூடுதல் ஆவணம் கேட்டு வந்த கடிதம் எதற்காவது பதில் போடாமல் விட்டீர்களா, வீடு மாறியதைச் சொல்லாமல் விட்டீர்களா என்றும் பாருங்கள். தாமதம் உங்கள் பக்கம் இருந்தால், எதிர்த்தரப்பின் முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும்.

நோட்டீஸ் சேர்ப்பதில் தடுக்கி விழுவது

வக்கீல் இல்லாமல் தானாகவே வழக்குப் போட முடியும்; கட்டணம் 405 டாலர். என் நண்பர் ஒருவர் மனுவை அழகாக எழுதியிருந்தார். ஆனால் சம்மனைத் தானே தபாலில் போட்டுவிட்டார். வழக்கில் கட்சிக்காரராக இருப்பவர் சம்மன் சேர்க்கக் கூடாது. 18 வயது நிரம்பிய வேறொருவர் சேர்க்க வேண்டும். யுஎஸ்சிஐஎஸ்-க்கு மட்டும் அனுப்பினாலும் போதாது. உங்கள் மாவட்டத்தின் யுஎஸ் அட்டர்னி (மத்திய அரசின் வக்கீல்) அலுவலகம், வாஷிங்டனில் உள்ள அட்டர்னி ஜெனரல், நீங்கள் பிரதிவாதியாகச் சேர்த்த துறைகள், அதிகாரிகள் எல்லாருக்கும் போக வேண்டும். தபால் என்றால் பதிவுத் தபாலோ சர்டிஃபைட் தபாலோதான். 90 நாளுக்குள் சேர்க்காவிட்டால் வழக்கே தள்ளுபடி ஆகலாம். அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள். அது யுஎஸ் அட்டர்னிக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். நண்பர் மூன்று மாதம் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்தக் கடிகாரம் தொடங்கவே இல்லை.

வக்கீல் வைப்பதானால், எச்-1பி போட்டுக் கொடுத்த கம்பெனி வக்கீலே போதும் என்று நினைக்க வேண்டாம். குடியேற்றப் படிவம் நிரப்புவது வேறு, ஃபெடரல் கோர்ட்டில் நிற்பது வேறு. இந்த மாவட்ட நீதிமன்றத்தில் ஆஜராக அனுமதி உண்டா, இதுவரை எத்தனை தாமத வழக்குகள் நடத்தியிருக்கிறார் என்று நேராகவே கேளுங்கள். நம்மூரில் நோட்டரி பெரும்பாலும் வக்கீலாகத்தான் இருப்பார். இங்கே நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி சொல்பவர், சட்ட ஆலோசனை சொல்லக் கூடாதவர்.

ஒரு போன் வந்ததும் வழக்கை வாபஸ் வாங்குவது

60 நாள் முடிவதற்குள் அரசு வக்கீலிடமிருந்து பெரும்பாலும் ஓர் அழைப்பு வரும். “ஃபைலை எடுத்துவிட்டார்கள், சீக்கிரம் முடிவு வரும், வழக்கைத் திரும்பப் பெறுகிறீர்களா?” குரலில் கனிவு இருக்கும், பொய்யும் இருக்காது. இருந்தாலும் வாய்வார்த்தையை நம்பி வாபஸ் வாங்கினால், மறுபடி தாமதம் ஆகும்போது 405 டாலர் கட்டி முதல் படியிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்குப் பதிலாக, கால அவகாசத்தை நீட்டிக்க ஒப்புக்கொள்ளலாம். வழக்கு உயிரோடு இருக்கும்.

1447(பி) வழக்கில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வழக்குத் தாக்கலானதும் முடிவெடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே போய்விடுகிறது என்று ஒன்பதாம் சர்க்யூட் 2004-இல் ஹொவ்செபியன் வழக்கில் சொன்னது. நான்காம் சர்க்யூட் 2007-இலும் இரண்டாம் சர்க்யூட் 2009-இலும் அதையே சொல்லின. அதாவது கலிஃபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ வழக்கு நடக்கும்போது யுஎஸ்சிஐஎஸ் அவசரமாக ஒரு நிராகரிப்பை அனுப்பினால் அது செல்லாது என்று வாதாட இடமுண்டு. அதே காரணத்தால், அவர்கள் ஒப்புதல் கொடுக்க விரும்பினாலும் இரு தரப்பும் சேர்ந்து கேட்டு, நீதிபதி ஃபைலைத் திருப்பி அனுப்பும் உத்தரவு போடுவதே சரியான வழி. அந்த உத்தரவில் இத்தனை நாளுக்குள் முடிவு, ஒப்புதல் என்றால் இத்தனை நாளுக்குள் உறுதிமொழி விழா என்று இரண்டு கெடுவும் எழுத்தில் இருக்கட்டும். நீதிபதியின் கையெழுத்தோடு அப்படி ஓர் உத்தரவு இருந்தால், வக்கீல் செலவை அரசிடம் திரும்பக் கேட்கவும் அது உதவும். பத்தாம் சர்க்யூட் 2009-இல் அல்-மலேகி வழக்கில் அப்படிக் கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டு முதலாம் சர்க்யூட் அரோனோவ் வழக்கில் மறுத்தது, ஆகவே இது ஊருக்கு ஊர் மாறும்.

நிராகரிப்பு வந்தால்? ‘அதுதான் கோர்ட்டில் இருக்கிறோமே’ என்று சும்மா இருக்கக் கூடாது. என்-336 படிவம் போட்டு 30 நாளுக்குள் மறுவிசாரணை கேட்க வேண்டும். அதுவும் தோற்றால் 1421(சி) பிரிவின் கீழ் நீதிமன்றம் எல்லாவற்றையும் புதிதாக விசாரிக்கும். 30 நாளைத் தவறவிட்டால் அந்த வழி அடைபடும்.

ஒப்புதல் வந்ததுமே கேக் வெட்டிவிடுகிறார்கள். ஆனால் உறுதிமொழி எடுக்கும்வரை நீங்கள் க்ரீன் கார்டுக்காரர்தான். வாக்காளராகப் பதிவு செய்யக் கூடாது, அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. விழா நாளன்று என்-445 படிவத்தில் நேர்காணலுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா, கைதானீர்களா, திருமணமோ விவாகரத்தோ நடந்ததா என்று கேட்பார்கள். வழக்கு நடந்த மாதங்களின் பயணத் தேதிகளையும் எழுதி வைத்திருங்கள். உறுதிமொழி எடுத்து, சான்றிதழ் கைக்கு வந்த பிறகு வழக்கை முடித்துக்கொள்ளக் கையெழுத்துப் போடுங்கள்.