மஞ்சள் தூள்: எவ்வளவு, எப்போது, எதோடு

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூளைப் போட்டு, கலக்காமல் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். நல்ல தூளாக இருந்தால் பெரும்பகுதி அடியில் போய்ப் படிந்துவிடும், மேலே தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். மஞ்சளின் நிறத்துக்கும் மருத்துவப் பேருக்கும் காரணமான குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம், அது கொழுப்பில்தான் கரையும். காலையில் வெறும் தண்ணீரில் மஞ்சளைக் கலக்கி மடக்கென்று குடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் கசப்பு முழுக்க அவர்களுக்குக் கிடைக்கிறது, பயன் பெரும்பாலும் உடம்பில் சேராமலே வெளியே போய்விடுகிறது.

கொழுப்பு ஒன்று, மிளகு இன்னொன்று. குர்குமின் உள்ளே போனதும் குடலும் கல்லீரலும் அதை வேகமாக மாற்றி வெளியேற்றப் பார்க்கும், மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் அந்த வேலையைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்துகிறது. 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு ஆனது. 20 மில்லிகிராம் என்பது பெரிய அளவு இல்லை, ஏழெட்டு மிளகைப் பொடித்தாலே ஏறக்குறைய அவ்வளவு கிடைத்துவிடும். அதனால் எண்ணெய் கொஞ்சம், மிளகு கொஞ்சம், இரண்டும் இல்லாமல் மஞ்சளைத் தனியாகச் சாப்பிடாதீர்கள்.

சரி, வாணலிக்கு வருவோம். நிறையப் பேர் மஞ்சள் தூளைக் கடைசியில், கொதிக்கிற குழம்பின் மேல் தூவிவிட்டு இறக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நிறம் வரும், ஆனால் பச்சை வாசனை போகாது, மண்வாடை மாதிரி ஒன்று நாக்கில் நிற்கும். எண்ணெய் சூடானதும் அடுப்பைக் குறைத்துவிட்டு மஞ்சளைப் போடுங்கள், பத்து விநாடி போதும், எண்ணெய் பொன்னிறமாக மாறி வாசனை மேலே எழும்பும், உடனே வெங்காயத்தையோ தக்காளியையோ ஒரு கரண்டித் தண்ணீரையோ சேர்த்துவிடுங்கள். தாமதித்தால் கருகும். கருகிய மஞ்சளின் கசப்பை எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது, அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் வழி. தூள் கருகிவிடும் என்று பயமாக இருந்தால் முதலில் வெங்காயத்தை வதக்கி, அதன் ஈரம் இருக்கும்போதே மஞ்சளைப் போட்டுப் பிரட்டுங்கள், புதிதாகச் சமைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அளவு விஷயத்தில் கையைக் கட்டிப்போடுங்கள். நாலு பேருக்கான சமையலுக்கு கால் டீஸ்பூனில் தொடங்கி அரை டீஸ்பூனுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது, அதற்கு மேல் போனால் மற்ற எல்லா ருசியையும் அது அமுக்கிவிடும். ஒரு கப் பருப்பு வேகும்போது கால் டீஸ்பூன் மஞ்சளும் அரை டீஸ்பூன் எண்ணெயும் போடுங்கள், நுரை பொங்குவதும் குறையும். ஒரு கப் அரிசிக்கும் அதே கால் டீஸ்பூன்தான், அரிசியை எண்ணெயிலோ வெண்ணெயிலோ மஞ்சளோடு ஒரு நிமிடம் பிரட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் நிறம் ஒவ்வொரு மணியிலும் சமமாகப் பிடிக்கும். முட்டை அடிக்கும்போது ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு சிட்டிகை மிளகு, உப்பு. மஞ்சள் கருவில் ஏற்கெனவே கொழுப்பு இருப்பதால் இதற்குத் தனியாக எதுவும் யோசிக்க வேண்டாம், மஞ்சளைப் பழக்கப்படுத்திக்கொள்ள இதைவிடச் சுலபமான இடம் இல்லை. உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், கேரட் மாதிரி காய்களை அடுப்பில் சுட்டெடுப்பதாக இருந்தால் அரை டீஸ்பூன் மஞ்சளை இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் முதலில் குழைத்துக்கொண்டு அப்புறம் காயில் பிசறுங்கள், தூளை நேராகத் தூவினால் ஒரு பக்கம் திட்டுத் திட்டாகவும் இன்னொரு பக்கம் வெள்ளையாகவும் இருக்கும். மீனுக்கும் கோழிக்கும் உப்பு, எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் மஞ்சள் தடவிக் கால் மணி நேரம் ஊறவைத்தால் கவிச்சி வாடை நன்றாகவே குறைகிறது.

கேக்கிலோ பணியாரத்திலோ நிறத்துக்காகச் சேர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சோடா, சோப்பு மாதிரி காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் மஞ்சள் செங்காவி நிறமாக மாறிவிடும், பள்ளிக்கூட ஆய்வகத்தில் மஞ்சள் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சமையல் சோடா தூக்கலாக விழுந்தால் மாவும் அப்படித்தான் சிவக்கும், கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் தயிரோ எலுமிச்சைச் சாறோ விட்டால் மஞ்சள் நிறம் திரும்பி வந்துவிடும்.

பாலில் குடிக்க விரும்பினால் ஒரு கப் கொழுப்பு எடுக்காத பாலுக்குக் கால் டீஸ்பூன் மஞ்சள், ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் காய்ச்சுங்கள். கொதித்த பாலில் தூளைப் போட்டுக் கலக்குவதும் இதுவும் ஒன்றல்ல, காய்ச்சும்போதுதான் பச்சை வாசனை போய் பால் மெத்தென்று இருக்கும். தேங்காய்ப் பாலிலும் செய்யலாம். தொண்டை கரகரப்பாக இருக்கும்போது சூடாக இதைக் குடித்தால் இதமாக இருக்கிறது, என் அனுபவம் அது, ஆனால் அதை வைத்து இது காய்ச்சலைக் குணப்படுத்தும் என்று சொல்ல மாட்டேன்.

பச்சை மஞ்சள் கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் காரம் குறைவு, வாசனை அதிகம், இஞ்சியின் உறவு என்பது வாயில் வைத்ததுமே தெரியும். ஒரு டீஸ்பூன் தூளுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி துருவல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். துருவும்போது கையுறை போடுங்கள், நகக்கண்ணில் ஏறினால் மூன்று நாளைக்குப் போகாது. கஸ்தூரி மஞ்சள் வேறு செடி, முகத்துக்குப் பூசுவதற்கானது, அதைச் சமையலில் போடாதீர்கள்.

இப்போது உடம்புக்கு என்ன நன்மை என்ற கேள்வி. நேராகவே சொல்கிறேன். மஞ்சள் தூளில் குர்குமின் எடையில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூன் தூள் சுமார் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம் குர்குமின், நாம் ஒரு நாளில் சாப்பிடுவது அதிலும் சிறு பங்கு. தாய்லாந்தில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 367 பேரை வைத்து நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், தினம் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கு, 1200 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை எடுத்தவர்களைப் போலவே நான்கு வாரத்தில் வலி குறைந்தது, வயிற்றுத் தொல்லையும் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது மாத்திரையாகச் செறிவூட்டிய சாறு, குழம்பில் போடும் கால் டீஸ்பூனை அதோடு ஒப்பிட முடியாது. புற்றுநோயைக் குணப்படுத்தும், மறதி நோயைத் தடுக்கும் என்றெல்லாம் சுற்றிவரும் செய்திகளுக்குப் பெரும்பாலும் அடிப்படை ஆய்வகக் கண்ணாடித் தட்டில் செல்களின் மேல் நடந்த சோதனைகள், மனித உடம்பில் அது அப்படியே நடந்ததாக நிரூபணம் இல்லை. யாராவது சிகிச்சையை நிறுத்திவிட்டு மஞ்சளை நம்பி உட்கார்ந்திருந்தால் தயவுசெய்து அவர்களிடம் பேசுங்கள்.

அப்போது சமையல் மஞ்சளால் பயனே இல்லையா? இருக்கிறது. வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக உணவோடு, கொழுப்போடு, மிளகோடு சேர்வது பாதுகாப்பானது, உப்பையும் எண்ணெயையும் அள்ளிப் போடாமலே ருசியும் நிறமும் தருகிறது, காய்கறியை விரும்பிச் சாப்பிட வைக்கிறது. எனக்கு அதுவே பெரிய காரணம்.

புண்ணுக்கு மஞ்சள் வைப்பது பழைய அறிவு. 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்து மருத்துவ மையத்துக்கு இதற்கே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள், இது காலங்காலமாகத் தெரிந்த விஷயம் என்று இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் ஆதாரங்களோடு எதிர்த்து 1997-ல் ரத்து செய்ய வைத்தது. ஆனாலும் சமையலறை டப்பாவில் இருக்கும் தூள் கிருமி நீக்கியது அல்ல, ஆழமான காயத்தில் அதை அப்பாதீர்கள், சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பு. குர்குமின் மாத்திரை எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை ஒட்டி ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் எச்சரிக்கை வெளியிட்டது. உறிஞ்சுதலைக் கூட்டுவதற்காகப் பைப்பரின் சேர்த்த மாத்திரைகளில் கவனம் கூடுதலாகத் தேவை, ஏனென்றால் பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள் (கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பு மஞ்சளில் உண்டு), இரும்புச் சத்துக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், இவர்கள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் தொட வேண்டாம். உணவில் போடும் அளவு பொதுவாகப் பிரச்சினை செய்வதில்லை.

வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தவிருங்கள். முதலில் சொன்ன தம்ளர் சோதனையில் தண்ணீர் முழுக்க அடர் மஞ்சளாக மாறினால் செயற்கைச் சாயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதைவிடப் பயங்கரமான கலப்படம் ஈயக் குரோமேட் என்ற, ஈயம் உள்ள மஞ்சள் நிறப்பொடி, அது தண்ணீரில் கரையாமல் நல்ல மஞ்சளைப் போலவே அடியில் போய்ப் படிந்துவிடும், தம்ளர் அதைக் காட்டிக்கொடுக்காது, ஆய்வகத்தில்தான் தெரியும். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வங்காளதேசத்தில் 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது, அரசு சோதனையும் தண்டனையும் விழிப்புணர்வுமாக இறங்கியதில் 2021-ல் அது பூஜ்யமானது. முழு விரலி மஞ்சள் வாங்கினால் ஒன்றை உடைத்துப் பாருங்கள், உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு மஞ்சளும் வெளியே மங்கிய நிறமும் இருப்பது இயல்பு. உள்ளே இருப்பதைவிட வெளித்தோல் பளீரென்று இருந்தால் அதற்கு நிறம் ஏற்றியிருக்கிறார்கள், விட்டுவிடுங்கள். தூளாக வாங்குவதென்றால் சோதனை செய்து அடைத்த பாக்கெட்டைத் தேடுங்கள்.

வெளிச்சம் குர்குமினைச் சிதைக்கும் என்பதால் தூளை மூடிய எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்குங்கள். இதே குணம் கறைக்கு மருந்து. துணியில் மஞ்சள் பட்டால் சோப்புப் போட்டதும் சிவந்து பயமுறுத்தும், விடுங்கள், நன்றாக அலசி வெயிலில் காயப் போடுங்கள். வெள்ளைத் துணிக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் இரண்டு நாள் நல்ல வெயில் போதும், டப்பாவில் மட்டும் முதலில் கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வெயிலில் வையுங்கள், சீக்கிரம் போகும்.