ஸ்பானிஷுக்கு ஆங்கிலம் வழியாகப் போனால் எங்கே இடறும்?

நம்மில் பலர் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

'எம்பராஸாதா' என்று கேட்டதும் ஆங்கில 'எம்பாரஸ்டு' நினைவுக்கு வரும். ஒரு பெண் கூச்சமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு 'எஸ்தோய் எம்பராஸாதா' என்றால், எதிரில் இருப்பவர் வாழ்த்துச் சொல்லிவிடுவார். கர்ப்பமாக இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். 'எக்ஸிதோ' என்றால் வெற்றி. வெளியே போகும் வழிக்கு 'சலீதா' என்ற பலகையைத் தேடுங்கள். ஸ்பெயின்காரர் 'கான்ஸ்திபாதோ' என்றால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது. ஆங்கில 'கான்ஸ்டிபேட்டட்' போல மலச்சிக்கல் என்று நினைத்து வாழைப்பழம் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

'ஐ ஆம் ஹாட்' என்பதை அப்படியே 'எஸ்தோய் கலியெந்தே' என்று மாற்றினால் விரச அர்த்தம் வந்துவிடும். வெயில் தாங்கவில்லை என்றால் 'தெங்கோ கலோர்'. வயதுக்கும் 'தெங்கோ'தான்: 'தெங்கோ த்ரெயிந்தா அன்யோஸ்', எனக்கு 30 வயது. 'அன்யோ'வை எழுதும்போது நடு எழுத்தின் மேலுள்ள அலைக்கோட்டை விட்டுவிடாதீர்கள். கோடு போனால் ஆண்டு ஆசனவாய் ஆகிவிடும்!

என்னைக் கேட்டால், சில இடங்களில் ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழில் யோசிப்பதே நல்லது. 'ஐ லைக் காபி' என்று யோசிப்பவர் 'யோ குஸ்தோ' என்று தடுமாறுவார். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று யோசித்தால் 'மெ குஸ்தா எல் கஃபே' தானாக வரும். 'மெ' என்பது நம் 'எனக்கு'. பிடித்தவை பல என்றால் மட்டும் 'குஸ்தான்'. 'மெ துவேலெ லா கபேஸா'வும் அப்படியே, எனக்குத் தலை வலிக்கிறது. மேலே சொன்ன கூச்சத்துக்குக்கூட 'மெ தா வெர்குவென்ஸா'தான்.

ஆங்கிலத்தின் 'யூ' இன்னொரு பொறி. ஸ்பானிஷில் 'தூ' நீ, 'உஸ்தெத்' நீங்கள். ஆனால் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றல்ல: கொலம்பியாவின் பொகோட்டாவில் நெருங்கியவர்களே 'உஸ்தெத்' போட்டுப் பேசுவதைக் கேட்கலாம்.

ஊருக்கு ஊர் மாறுவதில் 'கொஹேர்' கொஞ்சம் ஆபத்தானது. ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்குச் சாதாரணமாகச் சொல்வார்கள். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கெட்ட வார்த்தை. அங்கே 'தோமார்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மெக்சிகோக்காரரின் 'அவோரீத்தா'. அகராதிப்படி 'இப்பவே'. நடைமுறையில் நம் 'இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்' மாதிரி. காத்திருக்கும் நேரத்தில் ஒரு காபி சொல்லிவிடுங்கள்.