கண்ணு தொறக்காத பூனைக்குட்டி கெடைச்சா என்ன பண்ணணும் (நான் சொதப்பினதும் சேர்த்து)

போன நவம்பர் மழைல எங்க அபார்ட்மென்ட் மோட்டார் ரூம்ல மூணு குட்டி கெடந்துச்சு, உள்ளங்கைக்குள்ள அடங்கிடும், கண்ணு கூட தொறக்கல. வாட்ச்மேன் தாத்தா "தூக்கிட்டுப் போயிடும்மா, நாய் விடாது"ன்னாரு. ரெண்டு பொழைச்சு இப்போ வேளச்சேரில ஒரு வீட்டு சோபாவ கிழிச்சுக்கிட்டு இருக்கு. ஒண்ணு என் தப்பால போயிடுச்சு.

முதல் வேலை, உடனே தூக்காதீங்க. அம்மா இரை தேடப் போயிருக்கும், இல்லன்னா ஒவ்வொண்ணா கவ்வி எடம் மாத்திட்டு இருக்கும். ஏழு வீடு மாத்தும்னு பாட்டி சொல்லுவாங்கல்ல, ஏழுங்கற கணக்கு எப்படியோ, மாத்தறது நெஜம். நாம அங்கேயே நின்னா அது வராது. குட்டிங்கள சுத்தி வட்டமா அரிசிமாவு தூவிட்டு தள்ளிப் போயிடுங்க, சில மணி நேரம் கழிச்சு மாவுல கால்தடம் இருந்தா அம்மா வந்து போகுதுன்னு அர்த்தம், அப்படியே விட்டுடுங்க. தண்ணி ஏறுற எடம், இல்ல குட்டி ஜில்லுன்னு இருக்குன்னா மட்டும் காத்திருக்காதீங்க.

(அப்டேட்: மாவுக்கு எறும்பு வந்து குட்டிய கடிச்சிடுச்சுன்னு ஒருத்தர் கமெண்ட் போட்ருந்தாங்க. எனக்கு இது தோணவே இல்ல. மெல்லிசா மணல் தூவுங்க, போதும்.)

அடுத்தது சூடு. இங்கதான் நான் கோட்டை விட்டேன். கத்துதே, பசி போலன்னு வீட்டுக்கு வந்த கையோட பால் கொடுத்தேன். குட்டி ஜில்லுன்னு இருந்தா செரிக்கவும் செரிக்காது, முழுங்கத் தெம்பும் இருக்காது, பால் நுரையீரலுக்குப் போயிடும். மூக்குல பால் குமிழ் குமிழா வந்துச்சு, நான் பாட்டுக்கு தொடச்சு விட்டுட்டு மறுபடி ஊட்டினேன். காலைல பாத்தா அசையல. அதனால கால்ல விழுந்து கேக்கறேன், ஜில்லுன்னு இருக்கற குட்டிக்கு ஒரு சொட்டு கூட ஊட்டாதீங்க. பிளாஸ்டிக் பாட்டில்ல சூடு தண்ணி ஊத்தி பழைய வேட்டிய ரெண்டு சுத்து சுத்தி, அட்டைப்பெட்டில ஒரு ஓரமா மட்டும் வைங்க, சூடு ஜாஸ்தியானா நகர்ந்து போக அதுக்கு எடம் வேணும். சுண்டுவிரல வாய்க்குள்ள விட்டா வெதுவெதுன்னு இருக்கணும், விரல சப்பணும். அதுக்கப்புறம்தான் பால். ராத்திரி பாட்டில் ஆறிடும், அலாரம் வைங்க.

பசும்பால் வேணாம், பேதியாகும். பூனைக்குட்டிக்குன்னே பால் பவுடர் இருக்கு, நான் வாங்கினது ராயல் கேனின் பேபிகேட் மில்க், விலை கொஞ்சம் கடிக்கும். அளவு டப்பாலயே போட்ருக்கும். இங்க் ஃபில்லர தூக்கிப் போடுங்க, ஒரே அமுக்குல அவ்வளவும் போயிடுது, ஊசி இல்லாத 1 எம்எல் சிரிஞ்ச்தான் நம்ம கைக்கு அடங்கும். குட்டி குப்புறதான் இருக்கணும், குழந்தைய மாதிரி மல்லாக்கப் போடவே கூடாது. முதல் வாரம் ரெண்டு மூணு மணிக்கு ஒருதரம், ராத்திரியும் சேர்த்து, லீவு போட்டுக்கங்க.

ஊட்டி முடிச்சதும் வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச பஞ்சால வாலுக்கு அடில மெதுவா தடவுங்க, அம்மா நக்கற மாதிரி. சுமார் மூணு வாரம் வரைக்கும் அதுங்களுக்கு தானா ஒண்ணுக்குப் போகத் தெரியாது. ஒரு நிமிஷத்துல பஞ்சு மஞ்சளாயிடும், அப்ப வர்ற நிம்மதி இருக்கே!

சமையல் தராசுல டெய்லி எடை போடுங்க, நாளுக்கு 10 கிராமாவது ஏறணும், ஏறலன்னா அன்னிக்கே டாக்டர்.

(ரெண்டாவது அப்டேட்: தரைய ஃபினாயில் போட்டுத் தொடைக்கலாமான்னு நெறைய பேர் கேட்டீங்க. கூடாது, பூனைக்கு அது விஷம். பாராசிட்டமாலும் அப்படித்தான், கால் மாத்திரை கூட கொடுக்காதீங்க.)

எட்டு வாரம் முடிஞ்சு முதல் தடுப்பூசியும் போட்டாச்சுன்னா வீடு தேடலாம். நான் போய்ப் பாக்காம கொடுக்க மாட்டேன், பால்கனில வலை இருக்கணும், ஆறு மாசத்துக்குள்ள கருத்தடை பண்றேன்னு எழுதித் தரணும், முடிஞ்சா ஜோடியா எடுத்துக்கணும். ஒரு மாமி ரொம்ப ஆசையா வந்தாங்க, வலை எல்லாம் பக்காவா போட்ருந்தாங்க, கடைசில "எங்காத்துல தயிர்சாதம்தான், பழகிடுமோன்னோ?"ன்னு கேட்டாங்க. பழகாது மாமி, கறி மீன்ல இருக்கற டாரின்ங்கற சத்து இல்லன்னா பூனைக்கு கண்ணு போயிடும், இதயமும் கெட்டுடும்னேன். ரெண்டு நாள் யோசிச்சுட்டு, டப்பால வர்ற பூனை சாப்பாட்ட பால்கனில வச்சுப் போடலாமான்னு போன் பண்ணாங்க. அந்த சோபா அவங்களோடதுதான்.