வலைப்பூவுக்கு வந்தவர் உடனே ஓடிவிடாமல் இருக்க: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

என்னுடைய முதல் வலைப்பூவைத் திறந்தவுடன் பாட்டு ஒலிக்கும். மேலிருந்து நட்சத்திரங்கள் உதிரும். மவுஸ் போகும் இடமெல்லாம் ஒரு கடிகாரம் பின்னாலேயே வரும். இவ்வளவும் செய்து வைத்தால் வருகிறவர்கள் ரசித்து உட்கார்ந்து படிப்பார்கள் என்று நம்பினேன். கடைசியில் ஒரு நண்பர்தான் சொன்னார்: "ஆபீஸில் திறந்து தொலைத்துவிட்டேன். பாட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பக்கத்தையே மூடிவிட்டேன்." பதிவில் ஒரு வரிகூட அவர் படிக்கவில்லை.

வாசகரைக் கட்டிப்போட ஏதோ தந்திரம் இருக்கிறது என்று தேடி அலைந்த காலம் அது. இப்போது நான் நம்புவது வேறு. வருகிறவர் ஒரு கேள்வியோடு வருகிறார். பதில் இங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நிற்கிறார். பதில் கிடைத்ததும் அவருக்கு அடுத்த கேள்வி எழுகிறது. அதற்கான பதிவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அங்கேயும் போகிறார். கீழே வரும் படிகள் எல்லாம் இதற்குத்தான். பிளாக்கர், வேர்ட்பிரஸ் எதில் எழுதினாலும் பொருந்தும்.

படி 1: எந்தப் பதிவில் ஓடுகிறார்கள் என்று பாருங்கள்

வலைப்பூவுக்கு யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸை இன்னும் இணைக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். அதில் என்கேஜ்மென்ட் பகுதியில் பக்கவாரியான அறிக்கை இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் சராசரியாக எவ்வளவு நேரம் செலவிட்டிருக்கிறார்கள் என்று அங்கே தெரியும்.

பவுன்ஸ் ரேட், அதாவது வந்த வேகத்தில் திரும்பிப் போகிறவர்களின் விகிதம் பற்றிப் பழைய கட்டுரைகளில் படித்ததை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். பழைய அனலிட்டிக்ஸில் ஒருவர் ஒரே பக்கத்தைப் பத்து நிமிடம் படித்துவிட்டுப் போனாலும் நேரம் பூஜ்யம் என்றே பதிவாகும். அடுத்த பக்கத்தைத் திறந்தால்தான் முந்தைய பக்கத்தின் நேரத்தை அதனால் கணக்கிட முடியும். 2023 ஜூலையில் அது நிறுத்தப்பட்டு, கூகுள் அனலிட்டிக்ஸின் புதிய பதிப்பான ஜிஏ4 முழுமையாக அதன் இடத்துக்கு வந்தது. இதில் பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரம் கணக்காகிறது. ஒரு வருகை 10 வினாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்களைப் பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்து வைத்த ஒரு செயலைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. மீதிதான் பவுன்ஸ்.

எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு சொல்லின் பொருள் தேடி வந்தவர் 20 வினாடியில் போய்விட்டால் அவர் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஆனால் ஆயிரம் சொற்கள் கொண்ட பதிவில் சராசரி 15 வினாடி என்றால் யாரும் படிக்கவில்லை. கூட்டம் அதிகம் வந்து, நேரம் குறைவாக இருக்கும் மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை அந்த மூன்றில் மட்டும்தான்.

படி 2: பக்கம் சட்டென்று திறக்கட்டும்

பக்கத்தின் வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் உங்கள் பதிவின் முகவரியைக் கொடுத்து, மொபைல் முடிவைப் பாருங்கள். பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பெரும்பாலான வலைப்பூக்களில் குற்றவாளி படம்தான். போனில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றுவோம். பக்கத்தில் அது 700 பிக்சல் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். 1200 பிக்சலுக்குச் சுருக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவத்தில் ஏற்றினாலே போதும்.

அப்புறம், பக்கவாட்டில் இருக்கும் விட்ஜெட்டுகள். வருகையாளர் எண்ணிக்கை, உலக வரைபடம், கடிகாரம் இவையெல்லாம் வாசகருக்காக வைத்தவை அல்ல, நமக்காக வைத்தவை. எடுத்துவிடுங்கள்.

படி 3: முதல் பத்தியைத் திருப்பி எழுதுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் தொடங்குவது இப்படி:

"வணக்கம் நண்பர்களே! இன்றைய நவீன உலகில் கைப்பேசி என்பது மனித வாழ்வில் பிரிக்க முடியாத அங்கமாகிவிட்டது. அத்தகைய கைப்பேசி எதிர்பாராதவிதமாகத் தண்ணீரில் விழுந்துவிட்டால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தப் பதிவில் விரிவாகக் காண்போம், வாருங்கள்."

படிப்பவர் கையில் நீர் சொட்டும் போன் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கித் தேடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் நவீன உலகம் பற்றிப் பேசுகிறோம்! இப்படி மாற்றிப் பாருங்கள்:

"போனை உடனே ஆஃப் செய்யுங்கள். சார்ஜரில் போடாதீர்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க ஆன் செய்ய வேண்டாம். ஹேர் டிரையர் சூட்டையும் காட்ட வேண்டாம். மேலே துடைத்துவிட்டு, சார்ஜர் துளை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எப்போது எடுப்பது, ஆன் ஆகவில்லை என்றால் என்ன செய்வது என்பதைக் கீழே சொல்கிறேன்."

எல்லாவற்றையும் மேலேயே கொடுத்துவிட்டால் அதோடு போய்விடுவார்களே என்று தோன்றும். சிலர் போவார்கள், போகட்டும். போனை ஆஃப் செய்துவிட்டுத் திரும்பி வருபவர், விஷயம் தெரிந்த ஆள் எழுதியது என்று நம்பி மீதியையும் படிப்பார். கடைசி வாக்கியத்தையும் கவனியுங்கள். அவருக்கு அடுத்து வரப்போகும் இரண்டு கேள்விகளை அது சொல்லிவிடுகிறது. கீழே இறங்க அதுதான் காரணம்.

தலைப்பும் பதிவும் பொருந்தாமல் இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. ஐந்து வழிகள் என்று தலைப்பில் சொல்லிவிட்டு உள்ளே இரண்டு மட்டும் இருந்தால், தலைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

படி 4: மேய்பவருக்கும் இடம் கொடுங்கள்

இணையத்தில் பெரும்பாலானவர்கள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பதில்லை. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997-லேயே இதைச் சோதித்து எழுதினார்: அவர் பார்த்தவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தார்கள், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம். அது கணினித் திரைக் காலம். இப்போது கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறோம்.

அந்தக் கட்டைவிரலை நிறுத்துவது துணைத்தலைப்புதான். 'முன்னுரை', 'விளக்கம்' போன்றவை எதையும் சொல்வதில்லை. 'ஆன் ஆகவில்லை என்றால்' என்று வைத்தால் தேவைப்படுபவர் அங்கேயே நிற்பார். பத்தி மூன்று, நான்கு வாக்கியங்களைத் தாண்டினால் போன் திரையில் அது சுவர் மாதிரி தெரியும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த டெம்ப்ளேட்டுகளில் நம் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எழுத்தின் அளவை 17 அல்லது 18 பிக்சலாக்கி, வரி இடைவெளியை 1.7 அளவுக்குக் கூட்டுங்கள். இகரக் குறியும் உகரக் குறியும் மேல்வரி கீழ்வரியோடு இடிக்காது. இரண்டு ஓரமும் நேராக இருக்கும்படி ஜஸ்டிஃபை செய்யாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை, போன் திரையில் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும். வெளிர் சாம்பல் எழுத்தும் வேண்டாம், கறுப்பே நல்லது.

படி 5: அடுத்த கேள்வி எழும் இடத்தில் லிங்க் வையுங்கள்

பதிவின் அடியில் தானாக வரும் 'தொடர்புடைய பதிவுகள்' பட்டியல் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் பலர் அதுவரை வருவதே இல்லை. வந்தவருக்கும் அது ஒரே லேபிளில் (வகையில்) எழுதிய ஏதோ ஒன்றைத்தான் காட்டும்.

அதே போன் பதிவுக்கு வருவோம். 'ஆன் ஆகவில்லை என்றால்' பகுதியைப் படிப்பவருக்கு அடுத்து என்ன பயம் வரும்? போட்டோக்கள் போய்விட்டனவா என்பதுதான். அந்த வரியிலேயே "போட்டோக்கள் கூகுள் கணக்கில் சேமிப்பாகியிருக்கிறதா என்று கணினியில் பார்ப்பது எப்படி" என்று உங்கள் இன்னொரு பதிவுக்கு லிங்க் கொடுங்கள். 'இங்கே கிளிக் செய்யவும்' என்று மட்டும் எழுதினால் எதற்காக என்று அவருக்குத் தெரியாது. லிங்கின் சொற்களே அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஒரு பதிவில் இப்படி மூன்று, நான்கு போதும். வரிக்கு வரி நீல நிறமாக இருந்தால் எதையும் தொட மாட்டார்கள். லிங்க் கொடுக்கப் பொருத்தமான பதிவே உங்களிடம் இல்லையா? அப்படியானால் அடுத்து எழுத வேண்டிய பதிவு எதுவென்று தெரிந்துவிட்டது. புதிய பதிவு எழுதியதும் பழைய பதிவுகளுக்குப் போய், அதற்கு லிங்க் சேர்க்கவும் மறக்காதீர்கள். இதை நானே பல மாதம் செய்யாமல் விட்டிருக்கிறேன்.

படி 6: குறுக்கே நிற்பவற்றை அகற்றுங்கள்

பக்கம் திறந்ததும் திரையை மறைக்கும் பாப்-அப் இருந்தால் எடுத்துவிடுங்கள். மொபைலில் அப்படி மறைக்கும் பக்கங்களைத் தேடலில் பின்னுக்குத் தள்ளுவோம் என்று சொல்லி, 2017 ஜனவரியிலிருந்து கூகுள் அதை நடைமுறைப்படுத்தியது. மின்னஞ்சல் சந்தா கேட்க வேண்டுமென்றால் பதிவு முடியும் இடத்தில் கேளுங்கள். ரைட் கிளிக்கைப் பூட்டி வைப்பதும் வீண். திருடுகிறவருக்கு வேறு வழி தெரியும். ஒரு சொல்லை நகலெடுத்துத் தேட நினைத்த நல்ல வாசகர்தான் மாட்டிக்கொள்கிறார். தானாக ஓடும் ஒலி, ஒளி பற்றி என் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

படி 7: நான்கு வாரம் கழித்துப் பாருங்கள்

மூன்று பதிவுகளிலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் பதிவில் முதல் பத்தியை மட்டும் மாற்றுங்கள், இரண்டாவதில் லிங்க்குகளை, மூன்றாவதில் படங்களையும் எழுத்து அளவையும். மாற்றிய தேதியை ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான்கு வாரம் கழித்து அனலிட்டிக்ஸில் அந்தத் தேதிக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம் என்று ஒப்பிடுங்கள். பத்து, இருபது பேர் மட்டுமே வந்த பதிவாக இருந்தால் அந்தச் சராசரியை நம்பாதீர்கள். ஒரே ஒருவர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தாலே எண் எகிறிவிடும். இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்.