கிட்னி ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியதும் டாக்டர் எழுதிக் கொடுத்தது வயிற்று அல்ட்ராசவுண்ட். ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. ஜெல் தடவி ஒலி அலையை அனுப்பி, எதிரொலியைப் படமாக்குகிறார்கள். தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்வதுதான் அவஸ்தை.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் நீளத்தைப் பாருங்கள். ‘8.1 x 3.6 செ.மீ.’ என்றிருந்தால் பெரிய எண்தான் நீளம். பெரியவர்களுக்குச் சுமார் 9 முதல் 12 வரை இருக்கும். குள்ளமானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கொஞ்சம் குறையலாம். நாள்பட்ட நோயில் பொதுவாக இரண்டு கிட்னியும் சுருங்கும். பாதிப்பு புதிதா பழையதா என்று டாக்டர் ஊகிப்பது இதை வைத்துத்தான். ஆனால் சர்க்கரையால் கெட்ட கிட்னி நார்மல் நீளத்திலேயே இருக்கலாம். பரம்பரை நீர்க்கட்டி நோயிலோ பெருத்துவிடும்.

அடுத்து நிறம். கிட்னியின் வெளிப்பகுதியான கார்டெக்ஸைப் பக்கத்திலுள்ள கல்லீரலோடு ஒப்பிடுவார்கள். நல்ல கிட்னி கல்லீரலைவிடக் கறுப்பாகவோ அதே அளவிலோ தெரியும். தழும்பு ஏற ஏற வெளுக்கும். ‘இன்க்ரீஸ்ட் எக்கோஸ்’ என்று எழுதுவது இதைத்தான். கல்லீரலில் கொழுப்பு இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். கல்லீரலே வெளுத்திருப்பதால் பக்கத்துக் கிட்னி நல்ல கறுப்பாகத் தோன்றும். அப்பாவின் ரிப்போர்ட்டில் மேலே ‘ஃபேட்டி லிவர்’, நாலு வரி தள்ளிக் கிட்னிக்கு ‘நார்மல் எக்கோஸ்’. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

அப்புறம் சி.எம்.டி. கார்டெக்ஸும் உள்ளேயிருக்கும் மெடுல்லாவும் தனித்தனியாகத் தெரிகிறதா என்பதுதான் அது. ‘மெயின்டெய்ன்ட்’ என்றால் சரி. ‘லாஸ்ட்’ என்றால் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கிறது.

‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்ற சொல் கண்ணில் பட்டால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் தேங்கிக் கிட்னி வீங்கியிருக்கிறது என்று பொருள். கல்லோ புராஸ்டேட்டோ வழியை அடைத்திருக்கலாம். சீக்கிரம் திறந்துவிட்டால் கிட்னி தேற வாய்ப்புண்டு.

எல்லாம் நார்மல் என்றே வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஸ்கேன் காட்டுவது உருவத்தை. வேலை எப்படி நடக்கிறது என்று சொல்வது ரத்தமும் சிறுநீரும். கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் எண்ணான இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் அது நாள்பட்ட கிட்னி நோய்தான். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் அதே போல் விடாமல் போனாலும் அப்படியே.

டாக்டரிடம் போகும்போது பழைய ஸ்கேனையும் எடுத்துப் போங்கள். அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தால் பதறாதீர்கள். அளக்கும் கை மாறினாலே அவ்வளவு மாறும்.