மஜுரோவின் ‘உச்சி’க்குப் போகிறவர்களுக்கு

மார்ஷல் தீவுகளின் மஜுரோ பவளத்தீவில் குன்றைத் தேடாதீர்கள். மேற்குக் கோடியிலுள்ள லாரா பகுதிதான் உயரமான நிலம். அதுவே சுமார் 3 மீட்டர்தான்! நம் மாடி வீட்டு மொட்டைமாடி அதைவிட உயரம். நகரப் பகுதியிலிருந்து ஒரே சாலை, கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். வண்டியில் ஏறும் முன்பே திரும்பி வர வழி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செலவுக்கு அமெரிக்க டாலர், சில்லறையாக. தண்ணீர், தொப்பி கட்டாயம். நிலநடுக்கோட்டு வெயில் சும்மா விடாது. அப்புறம், அங்கே நிலமெல்லாம் குடும்பங்களுக்குச் சொந்தம். கடற்கரைக்குப் போகவும் அனுமதி கேளுங்கள். உயரத்திலிருந்து பார்க்கும் காட்சிதான் வேண்டுமென்றால், வழியிலுள்ள பாலமே மேல்: ஒருபக்கம் காயல், மறுபக்கம் பெருங்கடல்.